சார்ஜ் டார்ச் வாங்குவதற்கு முன் நான் போடும் கணக்கு

டார்ச் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் லூமன் எண்ணைத்தான். நான் அதைக் கடைசியாகப் பார்க்கிறேன். இரவு நடைக்கும், மின்தடை நேரத்தில் வீட்டைச் சமாளிப்பதற்கும், வண்டியின் பானட்டைத் திறந்து உள்ளே எதையாவது தேடுவதற்கும், வெளியே இருட்டில் ஏதோ சத்தம் கேட்டால் போய்ப் பார்ப்பதற்கும் பல ஆண்டுகளாக சார்ஜ் டார்ச்சுகளைப் பயன்படுத்தி வருகிறேன். இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஓரிரு நிமிடத்தில் முடிவதில்லை. பெட்டியில் உள்ள எண்ணோ, அந்த முதல் ஓரிரு நிமிடத்துக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கிறது. ஆகவே, பத்து நிமிடம் தொடர்ந்து எரிந்த பிறகு இந்த டார்ச் எவ்வளவு வெளிச்சம் தரும், அந்த வெளிச்சம் எங்கே போய் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மற்றவற்றைக் கவனிக்கிறேன்.

லூமன் என்பது டார்ச்சின் முகப்பிலிருந்து வெளிவரும் ஒளியின் மொத்த அளவு. எந்த வேலைக்கு எவ்வளவு லூமன் போதும் என்பது கையில் வைத்துப் புழங்கினால்தான் பிடிபடுகிறது. நள்ளிரவில் எழுந்து, உறங்குபவர்களைத் தொந்தரவு செய்யாமல் அறையைக் கடப்பதற்கு 1 லூமனுக்கும் குறைவான ஒளியே போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அப்போது 10 லூமன் கூடக் கூசுகிறது. மின்சாரம் இல்லாத அறையில் டார்ச்சைக் கூரையை நோக்கி நிற்கவைத்து, மற்றவர்கள் முகம் தெரிய உட்கார்ந்து பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் 100 முதல் 200 லூமன் தாராளம். விளக்கில்லாத பாதையில் நடக்க 100 முதல் 300 வரை. வீட்டைச் சுற்றியுள்ள திறந்த வெளியை ஒரே பார்வையில் பார்த்துவிட 500 முதல் 1000 வரை. அதற்கு மேற்பட்ட வெளிச்சம் எனக்குத் தேவைப்படுவது அரிது. தேவைப்பட்டாலும் சில விநாடிகளுக்குத்தான். இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று விளங்கும். சக்தி வாய்ந்த டார்ச் என்று வாங்கினாலும், அதன் வாழ்நாளில் பெரும்பகுதி அது குறைந்த வெளிச்சத்தில்தான் எரியப்போகிறது. குறைந்த வெளிச்ச நிலைகளைச் சரியாக அமைக்காத டார்ச், உச்சத்தில் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அன்றாடப் புழக்கத்துக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து.

நம் கண்ணும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. லூமன் இரண்டு மடங்கானால் வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிவதில்லை. கண்ணுக்கு இரண்டு மடங்கு பிரகாசமாகத் தோன்ற ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி வேண்டியிருக்கிறது. 1000 லூமன் டார்ச்சையும் 1200 லூமன் டார்ச்சையும் அருகருகே வைத்து ஒரே சுவரில் அடித்துப் பார்த்தால், எது எது என்று சொல்வதே கடினம். அந்த 200 லூமனுக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பதைவிட, அதே பணத்தில் நல்ல பேட்டரி கிடைக்குமா என்று பார்ப்பது மேல்.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரத்தில் உள்ள பொய்யையும் மெய்யையும் பிரித்துக் காட்டுவது அதுதான். இன்றைய சார்ஜ் டார்ச்சுகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக இதை வணிக முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. டார்ச்சுகளில் அதிகம் காணப்படும் இரண்டு அளவுகள் 18650, 21700 என்பவை. எண்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை: முதலாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளை; இரண்டாவது 21 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. நல்ல 18650 ஒன்றின் கொள்ளளவு 2500 முதல் 3500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) வரையும், 21700 ஒன்றின் கொள்ளளவு பொதுவாக 4000 முதல் 5000 எம்ஏஎச் வரையும், சிலவற்றில் அதற்குச் சற்று மேலும் இருக்கும்.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்த பேட்டரிகளின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். 5000 எம்ஏஎச் என்பது 5 ஆம்பியர் மணி, 5ஐ 3.6ஆல் பெருக்கினால் 18 வாட் மணி கிடைக்கிறது. எல்இடியிலும், அதை இயக்கும் மின்சுற்றிலும், லென்ஸிலும் ஏற்படும் இழப்புகளையெல்லாம் கழித்தால், கையடக்க டார்ச் ஒன்று ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பீடு. அப்படியானால் அந்த ஒரு பேட்டரியில் மொத்தம் 1800 லூமன் மணி இருக்கிறது. அதை 1000 லூமன் வீதம் செலவழித்தால் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். 500 லூமன் என்றால் மூன்றரை மணி நேரம். 100 லூமன் என்றால் ஓர் இரவு முழுவதும் எரிந்து மறுநாளும் மிச்சமிருக்கும். எந்தக் கடையில் எந்த டார்ச்சைக் கையில் கொடுத்தாலும், பேட்டரியின் அளவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு இந்தப் பெருக்கலை மனத்துக்குள் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கின் முன் நிற்க முடியாதவை பல. உள்ளங்கையில் அடங்கும் டார்ச்சின் மேல் 1,00,000 லூமன் என்று அச்சிட்டு விற்கிறார்கள். அவ்வளவு ஒளி வேண்டுமானால் 1000 வாட் வேண்டும். ஒரு 18650 பேட்டரியில் இருப்பது அதிகபட்சம் 12 வாட் மணி அளவில்தான். அந்த வேகத்தில் செலவானால் ஒரு நிமிடம் கூடத் தாங்காது. அதுமட்டுமன்றி, 3.6 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க ஏறத்தாழ 278 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். அந்தச் சிறிய உருளையால் அதைத் தரவே முடியாது. அதேபோல் 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 பேட்டரிகளும் கிடைக்கின்றன. இந்த அளவில் அவ்வளவு கொள்ளளவு கொண்ட பேட்டரியை இதுவரை எவரும் செய்ததில்லை. எழுத்தை நம்புவதற்குப் பதிலாகச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்க்கலாம்: உண்மையான 18650 பேட்டரி 45 கிராம் அளவில் இருக்கும், 21700 என்றால் 70 கிராம் அளவில் இருக்கும். 30 கிராமே நிற்கும் 18650 பேட்டரியில் சரக்கு குறைவாகத்தான் இருக்கிறது. பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த பேட்டரிகளுக்குப் புது உறை மாட்டி விற்பதும் நடக்கிறது. அவற்றின் எடை சரியாக இருக்கும், உயிர்தான் குறைந்திருக்கும். இதனால், கொள்ளளவு நம்ப முடியாத எண்ணாக இருக்கும் டார்ச்சில் மற்ற எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

அடுத்தது வெப்பம். எல்இடியில் செல்லும் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டது வெப்பமாகவே மாறுகிறது. இழைப் பல்புகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆயினும் 3000 லூமன் தரும்போது 30 வாட்டுக்கும் மேல் இழுக்கும் டார்ச், அதன் பெரும்பகுதியை ஒரு கைப்பிடி அலுமினியத்துக்குள் வெப்பமாகக் கொட்டுகிறது. அதனால் ஓரளவு தரமான டார்ச்சுகள் எல்லாமே, உள்ளே சூடு ஏறியதும் வெளிச்சத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. டர்போ என்று அழைக்கப்படும் உச்ச நிலை ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது வழக்கம். இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பழுது அன்று, அப்படிக் குறைக்காத டார்ச்தான் அஞ்சத்தக்கது. 21700 பேட்டரி கொண்ட ஒற்றைக் குழாய் டார்ச் ஒன்று, பெட்டியில் 2000 என்றோ 4000 என்றோ போட்டிருந்தாலும், கையில் பிடித்திருக்கும்போது தொடர்ந்து தாங்குவது 600 முதல் 1000 லூமன் வரைதான் என்பது நான் புழங்கிய டார்ச்சுகளில் கண்டது. விரலளவு டார்ச் என்றால் அது இன்னும் குறையும். அதிக உலோகம், தலைப்பகுதியில் ஆழமான துடுப்புகள், கைக்குக் கனமாகத் தெரியும் எடை ஆகியவை இங்கே நன்மைகள். லேசாக இருக்கிறது என்று மெச்சி வாங்கப்படும் பிளாஸ்டிக் உடல் கொண்ட டார்ச்சுக்கு வெப்பத்தை வெளியேற்ற வழி குறைவு.

அமெரிக்க டார்ச் உற்பத்தியாளர்கள் சேர்ந்து 2009இல் கொண்டுவந்த எஃப்எல்1 என்ற அளவீட்டுத் தரம் இன்று உலகெங்கும் பெட்டிகளில் காணப்படுகிறது. அது இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் நிலைமை எவ்வளவோ சீரானது. ஆனால் அந்தத் தரம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொண்டு படிக்க வேண்டும். அதன்படி லூமன் அளவு, சுவிட்ச் போட்ட 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் எடுக்கப்படுகிறது. எரியும் நேரமோ, தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாகக் குறையும் வரை கணக்கிடப்படுகிறது. ஆகவே “2000 லூமன், 3 மணி நேரம்” என்று எழுதியிருந்தால், மூன்று மணி நேரம் 2000 லூமன் கிடைக்கும் என்று பொருளில்லை. இரண்டு நிமிடம் 2000 தந்துவிட்டு, 700க்கு இறங்கி, இறுதியில் 200ஐத் தொடும் நேரம் வரை எண்ணினாலும் தரத்தின்படி அது சரியே. பெட்டியில் யாரும் பொய் எழுதவில்லை; வாங்குபவர் படிக்கும் விதமும் அளப்பவர் அளக்கும் விதமும் வேறு வேறு. இதனால் நல்ல நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் நேரத்துக்கு எதிராக வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தருகின்றன. எனக்கு மொத்தக் கையேட்டிலும் அந்த ஒரு வரைபடம் போதும். முதல் செங்குத்தான சரிவுக்குப் பிறகு கோடு எந்த உயரத்தில் சமதளமாக நீள்கிறதோ, அதுவே அந்த டார்ச்சின் உண்மையான வெளிச்சம்.

சமதளமே இல்லாமல் தொடக்கம் முதல் இறுதி வரை சரிந்துகொண்டே போகும் கோடும் உண்டு. அத்தகைய டார்ச்சில் பேட்டரியின் மின்னழுத்தம் குறையக் குறைய வெளிச்சமும் மங்கும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டாக இருக்கும் பேட்டரி, தீரும் தறுவாயில் 3 வோல்ட்டுக்கு அருகில் வந்துவிடும். உள்ளே இருக்கும் மின்சுற்று இந்த வேறுபாட்டை ஈடுகட்டி ஒரே அளவு வெளிச்சத்தைத் தருமாறு அமைந்திருந்தால் விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

வெளிச்சம் எங்கே விழும் என்ற இரண்டாவது கேள்விக்கு விடை தருவது கேண்டெலா என்ற எண். ஒளிக்கற்றையின் நடுவில், ஒரே திசையில், ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதை அது சொல்கிறது. பெட்டியில் மீட்டரில் எழுதியிருக்கும் தொலைவு இதிலிருந்து கணக்கிட்டதே. ஒளி 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறையும் இடம் வரை அந்தத் தொலைவு கொள்ளப்படுகிறது. தெளிவான வானில் முழுநிலவு தரும் வெளிச்சம் ஏறத்தாழ அவ்வளவுதான். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும்: 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். தொலைவை இரட்டிப்பாக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டியிருக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. 400 மீட்டர் என்று எழுதியிருப்பதால் 400 மீட்டர் தூரத்தில் நிற்பது மனிதரா மரமா என்று பிரித்தறிந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. நிலா வெளிச்சத்தில், அதுவும் அவ்வளவு தொலைவில், என்ன தெரியும்? நான் பெட்டியில் உள்ள தொலைவில் பாதியைத்தான் கணக்கில் கொள்கிறேன். பாதித் தொலைவில் ஒளி நான்கு மடங்காகி 1 லக்ஸ் கிடைக்கிறது; மூன்றில் ஒரு பங்குத் தொலைவு என்றால் 2.25 லக்ஸ் கிடைக்கிறது, ஆளை அடையாளம் காண அதுவே தேவலாம்.

அன்றாடப் புழக்கத்துக்கு நெடுந்தூரம் பாயும் டார்ச் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. நெடுந்தூரம் பாயும் ஒளிக்கற்றை குறுகலாகவே இருக்கும். கால் வைக்கும் இடத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் கண்ணைப் பறிக்கும், அதைச் சுற்றி இன்னும் இருட்டாகத் தோன்றும். பாதையின் ஓரத்தில் கிடக்கும் கம்பியும் குழியும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும். நடப்பவருக்கு வேண்டியது, நடுவில் மிதமான செறிவும், ஓரங்களில் படிப்படியாகத் தேய்ந்து பரவும் ஒளியும். எல்இடியைச் சுற்றி ஒளியை முன்னே திருப்பும் கிண்ணம்தான் ரிஃப்ளெக்டர். வழவழப்பான ரிஃப்ளெக்டர் தொலைவைக் கூட்டும்; ஆரஞ்சுத் தோல் போல் சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் ஒளியைக் கலந்து மென்மையாக்கும். ஐந்து மீட்டருக்குள் செய்யும் வேலைகளுக்கு அது சிறந்தது. முகப்பை முன்னும் பின்னும் இழுத்து ஒளியைக் குவிக்கும் வகையும் இருக்கிறது. வசதியாகத் தெரிந்தாலும், குவிக்கும்போது ஒளியில் கணிசமான பகுதி உடலுக்குள்ளேயே வீணாகிறது. அசையும் பாகம் என்பதால் நீரும் தூசியும் புகவும் வழி உண்டாகிறது. எனக்கு இந்த வகையில் ஈடுபாடு இல்லை. 10,000 முதல் 20,000 கேண்டெலா வரை உள்ள டார்ச் ஒன்று வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒருசேர உதவுகிறது.

ஒளியின் நிறத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, வாங்கிய பிறகு எல்லோரும் உணர்கிறார்கள். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடியின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசியது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிக்கிறார்கள். பூச்சின் தன்மைக்கேற்ப ஒளி 6500 கெல்வின் அளவில் நீலம் கலந்த வெள்ளையாகவும், 5000இல் பகல் ஒளி போலவும், 3000இல் மஞ்சளாகவும் அமைகிறது. லூமன் எண்ணை உயர்த்திக் காட்ட விரும்பும் நிறுவனங்கள் 6500ஐ ஒட்டியே நிற்கின்றன. வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தால் அது பளிச்சென்று இருக்கும். மண்ணிலும் இலையிலும் தோலிலும் அடித்தால் எல்லாம் வெளிறிப்போகும். நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதைச் சிஆர்ஐ என்ற அளவு குறிக்கிறது. சாதாரண டார்ச்சுகளில் அது 70 அளவில் இருக்கிறது. 90க்கு மேல் உள்ளவையும் கிடைக்கின்றன, உச்ச லூமன் மட்டும் அவற்றில் கொஞ்சம் குறையும். மின்பெட்டியைத் திறந்து சிவப்புக் கம்பியையும் பழுப்புக் கம்பியையும் பிரித்துப் பார்க்க வேண்டியவருக்கும், காயத்தில் கசிவது இரத்தமா வேறு எதாவதா என்று பார்க்க வேண்டியவருக்கும் அந்தக் குறைவு ஒரு பொருட்டே இல்லை. நான் இப்போது 5000 கெல்வினுக்கு மேற்பட்டதை வாங்குவதில்லை.

மூடுபனியில் மஞ்சள் ஒளி ஊடுருவும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. பனியில் பயன் தருவது வேறு: வெளிச்சத்தைக் குறைத்து, டார்ச்சைத் தலைக்கருகில் பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்தால், சிதறிய ஒளி நேராகக் கண்ணில் வந்து விழாது. நெற்றியில் மாட்டும் விளக்கு மழையிலும் பனியிலும் தொல்லை தருவதற்கும் காரணம் இதுவே.

சுவிட்சை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே பொத்தானில் ஏழெட்டு நிலைகளை அடைத்து, அணைப்பதற்கு முன் மின்னலடிப்பதையும் ஆபத்துச் சமிக்ஞையையும் கடந்துதான் போக வேண்டும் என்று வைத்திருக்கும் டார்ச்சை, இரவு தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை பயன்படுத்தினால் போதும், மறுமுறை கையில் எடுக்கத் தோன்றாது. அணைந்த நிலையில் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் மிகக் குறைந்த வெளிச்சம், ஒருமுறை தட்டினால் கடைசியாகப் பயன்படுத்திய வெளிச்சம், இருமுறை தட்டினால் உச்சம், எந்த நிலையிலிருந்தும் ஒரே தட்டில் அணைதல் என்ற அமைப்பு எனக்கு ஒத்துவருகிறது. வீட்டில் முதியவர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள் என்றால் இன்னும் எளிமையாக, மூன்று நிலைகளுக்கு மேல் இல்லாததாகப் பார்க்க வேண்டும். மிகக் குறைந்த வெளிச்சம் ஏன் அவசியம் என்றால், இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒரே ஒரு பிரகாசமான வீச்சு அதைக் கெடுத்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பையில் வைக்கும் டார்ச்சுக்குப் பூட்டு வசதி கட்டாயம் வேண்டும். பொத்தான் தவறுதலாக அழுந்தி உச்சத்தில் எரிந்தால் துணி கருகும் அளவுக்கு முகப்பு சூடாகும். கறுப்புத் துணியும் காகிதமும் முகப்பை ஒட்டியிருந்தால் புகையத் தொடங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. பெரும்பாலான உலோக டார்ச்சுகளில் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்னிணைப்பு துண்டிக்கப்படும். மின்னணுச் சுவிட்ச் கொண்டவை அணைந்திருக்கும்போதும் துளியளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருப்பதால், மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கும் டார்ச்சுக்கும் இந்தக் கால் சுற்று நல்லது.

சார்ஜ் செய்யும் வசதியில், டைப்-சி துளை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் அது சார்ஜ் ஆகிறதா என்று சோதிப்பது நல்லது. விலை குறைந்த டார்ச்சுகள் சிலவற்றில், சார்ஜருக்கு அடையாளம் காட்டும் இரண்டு சிறு மின்தடைகளை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவை பழைய அகன்ற முனைக் கேபிளில் மட்டுமே சார்ஜ் ஆகும். காந்தத்தில் ஒட்டும் தனி வகைக் கேபிள் கொண்டவை அழகாக இருக்கின்றன, கேபிள் தொலைந்தால் டார்ச்சும் தொலைந்த மாதிரிதான். கைபேசியின் விரைவுச் சார்ஜரைச் செருகினால் டார்ச்சும் விரைவில் ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எவ்வளவு எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது டார்ச்சின் உள்ளே இருக்கும் சுற்று. 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 1 ஆம்பியரில் ஐந்தாறு மணி நேரமும் 2 ஆம்பியரில் மூன்று மணி நேரமும் ஆகலாம்.

கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியா என்பது, எத்தனை ஆண்டு இந்த டார்ச்சை வைத்திருக்கப் போகிறோம் என்பதோடு தொடர்புடையது. லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுகளில் தளர்ந்துவிடும். நல்ல எல்இடி அதைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். உள்ளேயே ஒட்டிவைத்த பேட்டரி தளர்ந்தால் நல்ல நிலையில் உள்ள டார்ச்சைத் தூக்கி எறிய வேண்டியதாகிறது. கழற்ற முடிந்தாலும், சில நிறுவனங்கள் நேர்முனையையும் எதிர்முனையையும் ஒரே பக்கத்தில் அமைத்த தனி வகை பேட்டரியைப் போடுகின்றன. பொதுவாகக் கிடைக்கும் பேட்டரி அதில் வேலை செய்யாது. பாதுகாப்புச் சுற்று பொருத்திய பேட்டரிகள் சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும் என்பதால், மாற்றுப் பேட்டரி வாங்குமுன் குழாயின் நீளத்துக்கு அது பொருந்துமா என்று அளந்துகொள்வது நலம். இரண்டு, மூன்று பேட்டரிகளை வரிசையாகப் போடும் பெரிய டார்ச்சுகளை வீட்டுப் புழக்கத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடத் தளர்ந்திருந்தால், அது முன்னதாகத் தீர்ந்து, மற்றவற்றின் அழுத்தத்தால் தலைகீழாக மின்னேற்றம் பெறும் ஆபத்து இருக்கிறது. ஒற்றைப் பேட்டரி டார்ச்சில் அந்தக் கவலை இல்லை.

உறை கிழிந்த பேட்டரி, உப்பிய பேட்டரி, சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு உரசிக்கொண்டிருக்கும் பேட்டரி ஆகிய மூன்றும் தீப்பற்றக்கூடியவை. உதிரிப் பேட்டரிக்குச் சிறு பிளாஸ்டிக் பெட்டி போதும். விமானத்தில் செல்லும்போது உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம்; காரிலேயே டார்ச்சை விட்டுவைக்கும் வழக்கம் பேட்டரியின் ஆயுளை விரைவில் தின்றுவிடும். நீண்ட காலம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகே செருக வேண்டும்.

நீர்காப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல். சார்ஜ் துளையை மூடும் ரப்பர்தான் பலவீனமான இடம். அது தளர்ந்துபோனால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை. திருகுமரையில் உள்ள ரப்பர் வளையத்துக்கு அவ்வப்போது சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் அது வறண்டு வெடிக்காமல் இருக்கும்.

பின்பக்கத்தில் காந்தம் உள்ள டார்ச்சை முதலில் விளையாட்டுச் சாமான் என்றே கருதினேன். பானட்டின் உட்புறத்தில் ஒட்டவைத்து இரு கைகளையும் விடுவித்துக்கொள்ள முடிகிறபோது அதன் அருமை தெரிகிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் அதைச் சட்டைப்பையில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றித் தரும் டார்ச்சுகளும் வருகின்றன. 18 வாட் மணி கொண்ட பேட்டரி, இழப்புகள் போக, இன்றைய கைபேசி ஒன்றை ஒருமுறை முழுதாகக் கூட நிரப்பாது. மின்தடை நீளும் இரவில், இருக்கும் ஒரே வெளிச்சத்தைக் கைபேசிக்குக் கொடுத்துவிட்டு உட்காருவதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் டர்போ நிலையைப் பூட்டிவைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான லூமனை அருகிலிருந்து கண்ணில் அடித்துக்கொள்வது விளையாட்டன்று.

இவ்வளவையும் கடந்து இப்போது அன்றாடம் என் கையில் இருப்பது, 21700 பேட்டரி ஒன்று கொண்ட, சொரசொரப்பான ரிஃப்ளெக்டர் உள்ள, 5000 கெல்வின் டார்ச். அதன் உச்ச லூமனைவிட விற்பனையில் அதிகமாகக் காட்டும் டார்ச்சுகள் நிறைய இருக்கின்றன. அது 800 லூமனை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது, 1 லூமனுக்கும் இறங்குகிறது.

எந்த டார்ச்சை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஓர் இரவில் சோதித்துவிடலாம். முழுதாகச் சார்ஜ் செய்து, சிறிய அறையொன்றில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கூரையை நோக்கி நிற்கவைக்க வேண்டும். கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து, கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் விழுமாறு மேசையில் அசையாமல் வைக்க வேண்டும். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் எவ்வளவு, ஒரு நிமிடத்தில் எவ்வளவு, பத்து நிமிடத்தில் எவ்வளவு, அரை மணியில் எவ்வளவு என்ற விகிதம் கிடைத்தால் போதும். அப்போதே டார்ச்சின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கலாம்: சூடாக இருந்தாலும் பிடித்துக்கொண்டிருக்க முடிகிறது என்றால் சரி, கையை எடுத்துவிடத் தோன்றுகிறது என்றால் வெப்பக் கட்டுப்பாடு சரியில்லை. பிறகு அது எரிந்து தீரும் வரை விட்டு, மறுபடியும் சார்ஜில் போட்டு, ஏற்றம் முடிந்ததும் காட்டி விளக்கு நிறம் மாறுகிறதா, அதன் பிறகும் உடல் சூடாகவே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். முழுச் சார்ஜ் ஆன பிறகும் சூடு தணியாத டார்ச்சை மறுநாளே கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.